பதிமூன்று இறக்கு

மைல் கணக்கெல்லாம் லட்சுமணனிடம் செல்லாது. புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜவ்வாது மலையிறங்குகிறவன் அவன். வழியில் எத்தனை முறை மூட்டையை இறக்கி வைத்து ஆறுகிறானோ, அதுதான் அவனுக்குத் தூரம். ஜமுனாமரத்தூர் சந்தை ஒரு இறக்கு. ஆலங்காயம் ஏழு இறக்கு. ரோடு போட வந்த ஓவர்சியர் சங்கிலி பிடித்து அளந்து மைல் சொன்னபோது, "அந்தாளு மூட்ட தூக்கினாரா?" என்று கேட்டவன்.

அப்படிப்பட்டவனுடைய ஒரே மகள் பூங்கோதையைப் படவேட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையன் பேர் சக்கரவர்த்தி, கரும்புத் தோட்டத்தில் வேலை, தங்கமான குணம். பூங்கோதைக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் படவேடு பதிமூன்று இறக்காயிற்றே! அவ்வளவு தூரத்தில் கொடுத்தால் மகள் முகமே மறந்துபோகும் என்று லட்சுமணன் ஒற்றைக்காலில் நின்றான். மூன்று முறை கேட்டும் பெண் வீட்டார் சம்மதிக்காவிட்டால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவது அங்கே வழக்கம். இரண்டு முறை மறுத்தாயிற்று. மகள் கூழ் கரைத்து வைப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். பாவி மனுஷன், கூழோடு அதையும் விழுங்கிக்கொண்டு திரிந்தான்.

அந்த மாசியில் ஆலங்காயத்துக்கு, மஜீத் பாயின் புளி மண்டிக்கு மூட்டை கொண்டுபோனான். பாய் வாணியம்பாடிக்காரர். அவர் மகன் ஃபரூக் தோல் பதனிடும் படிப்புக்காக லண்டன் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. லண்டன் எவ்வளவு தூரம் என்று லட்சுமணன் விசாரித்தான். பம்பாயிலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு மைல் என்றார் பாய். அது இவன் மண்டையில் ஏறுமா?

"வழியில எத்தினி எடத்துல நின்னு ஆறும் பாய், அந்த ஏரோப்ளேனு?"

எண்ணெய் ஊற்றிக்கொள்ள இரண்டே இடம், பதிமூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் என்றார் அவர்.

லட்சுமணன் வாயைப் பிளந்தான். "ரெண்டே எறக்கா! ஆலங்காயத்தவிட கிட்டத்துல கீதே. அப்ப புள்ள அடிக்கடி வந்துட்டுப் போவாருங்க."

மண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இந்த வருஷமும் வரலியாம் லட்சுமணா. அவங்கம்மா ஒவ்வொரு பெருநாளுக்கும் அவனுக்கும் சேத்துத்தான் தட்டு வெக்கிறா. ரெண்டு எறக்குதான். வரணுமே."

வெறுங்கையோடு மலையேறிய லட்சுமணன் வழியெல்லாம் பாய் வீட்டில் வைக்கிற அந்தத் தட்டையே நினைத்துக்கொண்டு போனான். பங்குனியில் படவேட்டார் மூன்றாம் முறையாக வந்து, பயந்து பயந்து பேச்செடுத்தார்கள். அவன் தலையாட்டிவிட்டான். பூங்கோதை அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

தை அறுப்பு முடிந்ததும் அரை மூட்டை சாமையைத் தூக்கிக்கொண்டு மகளைப் பார்க்கப் போனான். மூன்றாம் நாள் திரும்பி வந்தவனுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவன் பெண்டாட்டி அம்மாக்கண்ணு விளக்கெண்ணெய் தடவிவிட்டபடியே, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள், இவ்வளவு சுமையைத் தூக்கி வந்ததற்குத் திட்டினாள் என்றான். சொல்லும்போதே சிரித்தான்.

வழியில் ஆறி ஆறிப் போயிருந்தால் கழுத்து இப்படிப் பிடித்துக்கொள்ளுமா, பதிமூன்று இடத்திலும் இறக்கி வைத்தானா இல்லையா என்று அவள் அதட்டினாள்.

"எங்கயுமே எறக்கலடி," என்றான் லட்சுமணன். "பொண்ணு வூடு பக்கத்துலதான் கீது."