துரையின் டிராக்டரும் பழனியாண்டி அண்ணனும்

பழனியாண்டி அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் பண்ணிச் சொன்னாள். ராத்திரி கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவராம்... அப்படியே. நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து கராஜில் அவரோடு வேலை செய்தவர்களில் இப்போது மிச்சம் நான் மட்டும்தான்.

அறுபதுகளின் தொடக்கம். ஹட்டன் டவுனில் ஒரு கராஜ் முதலாளி அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். எல்லாம் பேசியாயிற்று. ஆனால் தோட்டத்து மேனேஜர் துரை மனம் வைத்தால்தான் போகலாம்.

முறைத்துக்கொண்டு போனால், அண்ணனின் அம்மாவை, தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவை விட்டு இறக்கிவிடுவார்கள். கொழுந்து பறிக்க முடியாத வயது அந்த அம்மாவுக்கு. வேறு போக்கிடமும் கிடையாது.

துரை ஒரு வழி சொன்னார். பங்களாவில் புல் வெட்டுகிற சின்ன டிராக்டர் ஒன்று பழுதாகிப் படுத்துக் கிடந்தது. "அது செய். அப்புறம் போ."

அதில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒரே சாமான். சுவிட்சைப் போட்டால் என்ஜினைக் கிளப்பிவிடும். என்ஜின் ஓடினால் அதுவே பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். "நம்ம பொம்பளைங்க மாதிரிடா. வீட்ட எழுப்பிவிடுறதும் அவங்கதான், பொழுதுக்கும் ஒழைக்கிறதும் அவங்கதான்" என்பார் அண்ணன்.

உள்ளே காயிலில் சுற்றிய துணியெல்லாம் கருகிப்போயிருந்தது. புதுத் துணி சுற்றி வார்னிஷ் பூசினார். மழைக்காலத்தில் எங்கள் மலையில் சட்டையே காயாது, வார்னிஷ் எங்கே காயும்? நேரே ஃபேக்டரிக்குப் போய், தேயிலை காய்கிற டிரையர் பக்கத்தில் தொங்கவிட்டுவிட்டார்!

ஃபேக்டரியைப் பார்க்கிற டீமேக்கர் ஐயா ஓடிவந்த ஓட்டம் இருக்கிறதே... "ஏண்டா பாவி, தேயிலையில வார்னிஷ் வாசம் ஏறுனா நீயாடா பதில் சொல்லுவ?" கடைசியில் வெளியே விறகு அடுப்புப் பக்கம் கட்டிக் காயவைத்தோம். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் கீழே ஹட்டன் பஸ் ஹாரன் அடித்தால் அண்ணன் கையில் அரம் நின்றுவிடும். பஸ் வளைவு தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

சுற்றுகிற காயிலுக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷும் தேய்ந்துபோயிருந்தது; புதுசு எங்கேயும் கிடைக்கவில்லை. ஃபேக்டரி மோட்டாரில் கழற்றிப் போட்ட பெரிய பிரஷை அரத்தால் ராவி ராவி அளவுக்குக் கொண்டுவந்தார்.

பங்களா வாசலில் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, சுவிட்சைப் போட்டார். உடனே கிளம்பியது! துரை கை தட்டினார்.

அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்...

"தொரைகளே, இந்த பிரஷ் நம்மளா ராவுனதுங்க. சீக்கிரம் தேஞ்சிரும். அப்பப்ப தெறந்து பாத்து வேற போடணுங்க."

பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினேன். கேட்டால்தானே.

"யாரு போடுறது?" என்றார் துரை.

"நாந்தாங்க..."

"சரி. அப்ப நீ போக வேணாம். நீதான் பாக்கிறது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் "சரிங்க தொரைகளே" என்று மட்டும் சொன்னார்.

இறக்கத்தில் வரும்போது சண்டை பிடித்தேன். "ஏண்ணே சொன்னீங்க? பேசாம இருந்திருந்தா நாளைக்கே ஹட்டன் போயிருக்கலாமே!"

"போயிருக்கலாந்தான்டா. போனப்பறம் வண்டி நின்னு போச்சுன்னா யாரப் புடிப்பாங்க? எங்கம்மாவத்தானே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த மனுஷனுக்கு எந்தப் பக்கமும் கதவு இல்லை என்று.

ஹட்டன் வேலைக்கு வேறு யாரோ போனார்கள். அம்மா கண்ணை மூடிய பிறகாவது போவார் என்று பார்த்தேன். அதற்குள் கல்யாணம், பிள்ளை குட்டி... அதே காம்பரா. அங்கேதான் நேற்றும் படுத்திருக்கிறார்.

நாளைக்கு அடக்கம். நான் இப்போது இருக்கிற வட்டகொடையிலிருந்து காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்கண்ணே. இந்தத் தடவ யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல...