வாலிபால் ஆடி ஷெல் துண்டு வாங்கியவர்

பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற தொழிலில் முதலில் பழக வேண்டியது டைப்பிங் இல்லை, சந்தேகம். நான் இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். இப்போது மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி. பென்ஷனில் பிழை, பிறந்த தேதியில் பிழை, வர வேண்டிய மெடல் வரவில்லை என்று யார் வந்தாலும் மனு அடித்துக் கொடுப்பேன்.

ரேஷன் கார்டிலோ ஆதாரிலோ ஒரு வரி தப்பாக விழுந்து, அதைத் திருத்த நாயாய் அலைந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. பட்டாளத்தில் அந்த மாதிரிக் காகிதத்துக்கு பார்ட் டூ ஆர்டர் என்று பெயர். கல்யாணம், குழந்தை, லீவு, காயம் எல்லாம் அதில் ஏறினால்தான் உண்டு. எங்கள் யூனிட்டில் ஒருவனுக்கு மூன்று வயதில் பையன் இருந்தான், ஆனால் கல்யாணம் ஆர்டரில் ஏறவில்லை. பையனுக்குக் காய்ச்சல், லீவு வேண்டும் என்று வந்து நின்றவனிடம் எங்கள் ஹெட் கிளார்க் சொன்னார்: "முதல்ல போய்க் கல்யாணம் பண்ணிட்டு வா, அப்புறம் பையனுக்குக் காய்ச்சல் வரட்டும்."

கோட்டு நிறைய மெடல்

நான் ஏன் இப்படிச் சந்தேகப் பேர்வழி ஆனேன் என்று கேட்பீர்கள். கடை திறந்த புதிதில் ஒருவர் கோட்டு போட்டு, நெஞ்சு நிறைய மெடல் குத்திக்கொண்டு வந்தார். ஒற்றை ஆளாக பங்கர் பிடித்த கதையை அவர் சொல்லச் சொல்ல, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீர விருது கேட்டு நாலு பக்கம் அடித்தேன். டீயும் நானே வாங்கிக் கொடுத்தேன், அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

மறுநாள் காலையில் அவருடைய அண்ணன் வந்து நின்றார். அவரும் பட்டாளத்துக்காரர். தன் கோட்டையும் மெடலையும் அலமாரியில் காணவில்லை என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். நான் தயங்கித் தயங்கி பங்கர் கதையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அந்த மனுஷன் சொன்னார்: "சாரே, அவன் பட்டாளத்துல இருந்தது வாஸ்தவம்தான், பட்சே சர்வீஸ் பூரா கேன்டீன்ல சோப்பு வித்துட்டிருந்தான்."

வேட்டியைத் தூக்கிய நாயக்

செல்லையா வந்தது அதற்கப்புறம். வித்துராவில் வீடு. போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பட்டாளத்தில் சேர்ந்து நாயக் ரேங்கில் ரிட்டையர் ஆனவர். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். எல்லையில் ஒரு மலை போஸ்டில் ஷெல் வெடித்துத் தொடையில் துண்டு பாய்ந்தது, சண்டையில் காயம் பட்டவனுக்குக் கொடுக்கிற மெடல் தனக்கு வரவில்லை, ரெக்கார்டைத் திருத்த வேண்டும் என்றார். டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிப் பார்த்தேன். அதில் பளிச்சென்று இருந்தது: யூனிட் வாலிபால் ஆட்டத்தில் இடது தொடையில் காயம்.

ஆஹா, அடுத்த கோட்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. கடை வாசலில், லாட்ஜுக்கு வருகிறவர் போகிறவர் பார்க்க, வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். "பலா மரத்துல இருந்து விழுந்தாலும் தழும்பு வரும் அண்ணாச்சி" என்றேன். அவருக்கு வந்ததே கோபம். அந்த போஸ்டில் ஒண்ணுக்குப் போகவே ஒரு ஆள் கயிறு பிடிக்க வேண்டும், அங்கே எவன் நெட் கட்டுவான் என்று கத்தினார்.

அவர் என்னையும் நம்பவில்லை. டிஸ்சார்ஜ் புக்கை ஒரு நாள் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் முடியாது என்றார். ஸ்கேனரில் வைத்தபோதும் ஒரு ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றதில், மூன்று பக்கங்களில் அவருடைய கட்டைவிரலும் ஸ்கேன் ஆகியிருந்தது. இத்தனை வருஷம் கழித்து எதற்கு அண்ணாச்சி இந்தப் பாடு என்று கேட்டேன். கொஞ்சம் தணிந்து சொன்னார்: "மெடல் கிடக்கட்டும் சாரே, யார் கேட்டாலும் என் வீட்டுக்காரியே 'அவங்க பந்து விளையாடி விழுந்தாங்க'ன்னு சொல்லுதா, காகிதம் மாறினா அவளும் மாத்திச் சொல்லுவா இல்லியா?"

எக்ஸ்ரே எடுத்த இடத்தில்

பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது கிடைக்குமா என்று எழுதிக் கேட்டோம். அத்தனை பழைய காகிதங்களை அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. அழிந்துபோன காகிதம் என்றால் பொய் சொல்கிறவனுக்கும் சௌகரியம்தானே? அப்போதுதான் செல்லையா, எல்லாத் துண்டையும் டாக்டர் எடுக்கவில்லை, ஒன்றிரண்டு உள்ளேயே இருக்கிறது என்றார். சரி, பார்த்துவிடுவோம் என்று ஆட்டோ பிடித்து ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் மாட்டிக்கொள்வார் என்றுதான் கூட்டிக்கொண்டு போனேன்.

படத்தில் எலும்புக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைத் துண்டுகள், விரல் நகம் அளவுக்கு. எக்ஸ்ரே எடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். படத்தைப் பார்த்தாள், நான் கொடுத்த டிஸ்சார்ஜ் புக் காப்பியைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். சிரிக்காமல் கேட்டாள்: "மாமா, நிங்கள்ட வாலிபால் இரும்புலயா செஞ்சது?"

பதில் வந்தது

எக்ஸ்ரேயை வைத்து மனு அனுப்பினோம். மூன்று மாதம் கழித்துப் பதில். படத்தில் உலோகத் துண்டு தெரிகிறது, ஆனால் அது எப்போது, எங்கே, எப்படி உடம்புக்குள் போனது என்று படம் சொல்லவில்லை, ஆகவே அப்போது அந்த யூனிட்டில் இருந்து சம்பவத்தை அறிந்தவரின் சாட்சி வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மறைப்பானேன், அந்தக் கடிதத்தை எழுதிய கிளார்க்கை நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

செல்லையாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். ஷெல் வந்தபோது கூட இருந்த இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி சாட்சிக்கு யாரைத் தேடுவது என்று எனக்கே தெரியவில்லை. அவர் தன் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டு கேட்டார்: "ஏன் சாரே, நான் கோயில்ல அலகு குத்தும்போது பாதி உள்ள ஒடிஞ்சு போச்சுன்னு நெனைக்காங்களா?"

கல்லாறு டீக்கடை

ஒரு வாரம் கழித்து செல்லையாவே ஒரு பெயரைக் கொண்டுவந்தார். சுகுமாரன், செல்லையாவின் கம்பெனியில், அதாவது யூனிட்டில் அவர் இருந்த பிரிவில், அப்போது கிளார்க்காக இருந்தவர். மலைக்குக் கீழே பேஸ் கேம்பில் உட்கார்ந்து வாலிபால் என்று எழுதியவரே அவர்தான். இப்போது கல்லாற்றில், பொன்முடி மலைக்குப் போகிறவர்களுக்கு டீயும் பழம்பொரியும் விற்கிறார். போனோம். பஸ்ஸில் செல்லையா என் பக்கத்தில் உட்காராமல் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டால், "கிளார்க்கும் கிளார்க்கும் ஒரே கட்சி" என்றார்.

எங்களைப் பார்த்ததும் சுகுமாரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. முதலில் என் போனை வாங்கி டேபிளில் கவிழ்த்து வைத்தார், ரெகார்ட் பண்ணுகிறேனாம். தப்பாக எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டால் தன் பென்ஷனுக்கு ஆபத்து வராதா என்று மூன்று முறை கேட்டார். நான் கிளார்க் பாஷையில் பேசிப் பேசி அவரை வழிக்குக் கொண்டுவந்தேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கம்பெனியில் வாலிபால் ஆடி விழாதவன் கிடையாது. ஒவ்வொருத்தனுக்கும் ஃபாரம் அடித்து மாளாது என்று, வாலிபால் காயம் என்று முன்கூட்டியே அடித்த ஃபாரத்தில் அதிகாரியின் கையெழுத்தும் வாங்கிக் கட்டாக வைத்திருந்தார். பெயரும் நம்பரும் எழுதினால் போதும். சண்டைக் காயம் என்றால் வேறு ஃபாரம், அதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மேலே போஸ்டில் இருந்தார். கீழே இறங்கி வர அரை நாள்.

என் காது சுட்டது. ஏனென்றால் பட்டாளத்தில் என் மேஜை டிராயரிலும் அப்படி ஒரு கட்டு இருந்தது. எங்கள் யூனிட்டில் வாலிபால் இல்லை, குளியலறையில் வழுக்கி விழுந்தது. அந்த ஃபாரத்தில் எத்தனை பேருடைய உண்மையை அமுக்கி அனுப்பினேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை மாதமாக இந்த மனுஷனை மேலும் கீழும் பார்த்த நான், ஒரு நாளாவது என்னைச் சந்தேகப்பட்டேனா?

சுகுமாரன் சாட்சிக் காகிதத்தை நாலு தடவை வாசித்தார். 'தவறுதலாக' என்று நான் அடித்திருந்ததை வெட்டி 'அவசரத்தில்' என்று எழுதச் சொன்னார், எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் முதல்முறையாக செல்லையாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "எடா செல்லையா, ஆஸ்பத்திரி வண்டி ஸ்டார்ட்ல நிக்குது, நீ ரத்தத்துல கிடக்கிற, காகிதம் இல்லாம உன்னை ஏத்தமாட்டான், அப்போ உனக்கு மெடல் வேணுமா உயிர் வேணுமான்னு ஞான் உன்கிட்ட கேக்கலை."

பிரிக்காத உறை

ஏழு மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலை பத்து மணிக்கு செல்லையா வந்தார், கூடவே அவர் மனைவி சரஸ்வதி. அந்த அம்மாவை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலிலேயே நின்று, என் கடையை ஒரு சோதனை போட்டார்கள். செல்லையா கையில் பிரிக்காத உறை. ஏன் பிரிக்கவில்லை என்றேன். "நான் பிரிச்சா, நானே உள்ள எதையோ எழுதி வச்சேன்னு இவ சொல்லுவா" என்றார்.

பிரித்தேன். முந்தைய பதிவு திருத்தப்பட்டது, எதிரியின் ஷெல் தாக்குதலில் ஏற்பட்ட காயம் என்று சேர்க்கப்பட்டது, அதற்கான மெடலுக்குத் தகுதி உண்டு, புதிய பார்ட் டூ ஆர்டர் நகல் இணைப்பு. இரண்டு தடவை வாசித்தேன். செல்லையா என்னைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா காகிதத்தை வாங்கினார்கள். திருப்பிப் பார்த்தார்கள். ஆபீஸ் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அப்புறம் என் பிரிண்டரைக் காட்டி, "இது அங்க இருந்து வந்ததா, இல்ல நீங்க இதுல அடிச்சதா?" என்று கேட்டார்கள். உறையில் இருந்த தபால் முத்திரையைக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டு காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்கள். "இப்பவாவது நம்புறியா?" என்றார் செல்லையா. குரல் உடைந்திருந்தது.

அந்த அம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவரைப் பார்த்துச் சொன்னார்கள்: "கோயில்ல வெடி வழிபாடுன்னு வெடி போடுற சத்தம் கேட்டாலே என் கையைப் பிடிச்சு நசுக்குற மனுஷன் பந்து விளையாடியா விழுந்திருப்பாருன்னு எனக்குத் தெரியாதா, சர்க்கார் ஒண்ணு எழுதியிருக்க நான் வேற ஒண்ணு சொல்லி, உள்ள பென்ஷனையும் பிடுங்கிட்டா என்ன செய்யன்னுதான் இத்தனை வருஷம் ஊர்ல பந்துன்னு சொன்னேன்."

காகிதத்தை மட்டும் நம்பி வயிறு வளர்த்த நான், இப்போதெல்லாம் மெடல் கேட்டு வருகிறவரிடம் டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்பதற்கு முன்னால், வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்கிறேன்.