கொடிமரத்துக்கு ஒத்துச் சாய்ந்த தோட்டம்

போன வாரம் ஜோகூர் பாருவில் ஒரு தலை வாங்கப் போனேன். பதறாதீர்கள். முக்காலியின் உச்சியில் கேமராவைத் தாங்கும் இரும்புச் சாமானுக்குத் தலை என்றுதான் பெயர். கடைக்கார இளைஞர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று உருண்டைத் தலை. பிடியைத் தளர்த்தினால் கேமரா நாம் விரும்பும் பக்கமெல்லாம் சாயும். சமயத்தில் விரும்பாத பக்கமும். மற்றது பல்சக்கரத் தலை. முன்னும் பின்னும் சாய்க்க ஒரு திருகு, இடமும் வலமும் சாய்க்க ஒன்று, சுழற்ற ஒன்று. கையை எடுத்தாலும் விட்ட இடத்தில் நிற்கும் என்றார். நடுவில் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு நீர்க்குமிழி.

“மயிரிழை சுத்தம், அங்கிள். கட்டடம் எடுக்கிறவங்க இதத்தான் கேப்பாங்க. நீங்க என்னா எடுப்பீங்க?”

மனைவியின் ரோஜாச் செடிகளை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவற்றில் ஒன்றுகூட நேராக நின்றதில்லை. பேச்சை மாற்றத் திருகைத் திருகினேன். எண்ணெய் வாசம் வந்தது. அவ்வளவுதான், நான் என் இளவயதுச் சிகாமட் ஊரில் இருந்தேன்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் எங்களுக்கு எல்லாமே செம்பனை எண்ணெய்தான். மரவள்ளிக் கிழங்கு வதக்க, விளக்கேற்ற, தலைவார, முக்காலித் திருகுக்குப் போட. நான் வேலை பார்த்த படக்கடையின் மர முக்காலிக்கு ஒரே திருகு. அதைத் தளர்த்தினால் கேமரா, கள்ளுக்கடை வாசலில் நிற்பவர் போலத் தலையைத் தொங்கப் போடும். மட்டம் பார்க்க அரைப் புட்டி தண்ணீர் வைத்திருந்தேன். அதைப் பெரிய கலையாக நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது வயதில் எல்லாமே கலை.

ஒருநாள் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே இருந்த ஜப்பானிய அதிகாரி தம் மேற்பார்வையில் ஒரு கொடிமரம் நட்டிருந்தார். அதன் அடியில் அவரும், பின்னால் தோட்டத்து ஜனங்களும் நிற்கும் படம் வேண்டும். முதலாளிக்குக் குளிர்காய்ச்சல், நான் போனேன். புட்டியை வைத்து மட்டம் பார்த்து, மயிரிழை சுத்தமாக எடுத்தேன். படத்தில் எல்லாம் நேராக வந்தது, கொடிமரம் தவிர. அது அப்படித்தான் நடப்பட்டிருந்தது.

“பாக்கேரோ!” என்றார் அதிகாரி, படத்தைப் பார்த்ததும். முட்டாள் என்று அர்த்தம். கன்னத்தில் விழுந்த அறையில் எனக்கு ஒரு கணம் கிழக்கே இருந்த சூரியன் மேற்கே தெரிந்தது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, சபாபதி அண்ணன், மெதுவாக மொழிபெயர்த்தார்:

“ஒன் படம் சாஞ்சிருக்காம். அடுத்த வாரம் வந்து நேரா எடுக்கணுமாம். இல்லாட்டி அடுத்த சயாம் ரயில்ல நீதான் மொத ஆளாம்.”

சயாமில் தண்டவாளம் போடப் போனவர்களிடமிருந்து கடுதாசி வந்ததில்லை.

“மரந்தானேண்ணே சாஞ்சிருக்கு?”

“அத யார்டா சொல்றது? நீ சொல்றியா? சொல்லு, மொழிபேத்துர்றேன்.”

அடுத்த வாரம் கேமராவைக் கொடிமரத்தின் சாய்வுக்கே சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடியில் மரம் நெட்டுக்குத்தாக நின்றது. பின்னால் நின்ற சனம் மொத்தமும் காற்றடித்த லாலான் புல் மாதிரி இடப்பக்கம் சாய்ந்தது. கறுப்புத் துணிக்குள் நான் முனகியது வெளியே கேட்டிருக்க வேண்டும். முன்வரிசையில் நின்ற, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அஞ்சலை அக்கா குரல் கொடுத்தார்.

“என்னா தம்பி, உள்ளாற அழுவுறியா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“அலாமா! இவ்ளோதானா லா? மரம் நிமிராதுன்னா நாங்க சாஞ்சுட்டுப் போறோம். ஏ, எல்லாரும் சாயுங்க! மரத்தப் பாத்துச் சாயுங்க!”

சாக்குத்துணி கட்டிய ஒரு தோட்டமே வலப்பக்கம் சாய்ந்தது. அக்காவின் புருஷன் மாரிமுத்து அண்ணன், ஆர்வக்கோளாறில் அளவு மீறிச் சாய்ந்து, பக்கத்து ஆளோடு சேர்ந்து விழுந்தார்.

“வீட்டுல நேரா நிக்க மாட்டாரு, இங்க சாயத் தெரியல,” என்றார் அக்கா. வரிசை முழுக்கச் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அதிகாரி கேட்க, நிப்பான், அதாவது ஜப்பான், வந்த சந்தோஷம் என்றார் கிராணி, முகத்தில் ஒரு தசை அசையாமல்.

அதிகாரியை எப்படிச் சாய்ப்பது? அந்தக் கவலையே வேண்டியிருக்கவில்லை. வாளை ஊன்றி, கொடிமரத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, அதற்கு இணையாகத் தம்மை நிமிர்த்திக்கொண்டிருந்தார். எங்கள் எல்லாரையும்விடக் கச்சிதமாகச் சாய்ந்திருந்தவர் அவர்தான்.

படம் அற்புதமாக வந்தது. கொடிமரம் நேர், அதிகாரி நேர், ஜனம் நேர். கழுவி உலர்த்தும்போதுதான் கவனித்தேன்: என் தண்ணீர்ப்புட்டியை முன்னால் கிடந்த ஒரு பலகைமேலேயே மறந்து வைத்திருந்தேன். படத்தில் தண்ணீர் மட்டும் சாய்ந்திருந்தது.

மறுபடி படமெடுக்க வேறு தகடு இல்லை. அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி முகம் மலர்ந்தது. பிறகு விரல் புட்டியில் நின்றது.

“மருந்து, துவான்,” என்றார் கிராணி.

அதிகாரி தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை படத்தை மெல்லச் சாய்த்தார். ஜன்னல் வழியே கொடிமரத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். எனக்குச் சயாம் ரயிலின் ஊதல் கேட்டது. அவர் படத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு, போ என்று கையசைத்தார். மறுநாள் கொடிமரத்துக்கு ஒரு முட்டு வைக்க உத்தரவு வந்ததாம். காற்று பலமாக அடிக்கிறது என்று காரணம். அந்த வாரம் சிகாமட்டில் ஓர் இலைகூட அசையவில்லை.

அந்த ரயிலில் என் பெயர் இல்லை. மாரிமுத்து அண்ணன் பெயர் இருந்தது. பின்வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் பெயரும் இருந்தது. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆள் கணக்கு அப்படி என்றார் கிராணி. அவர்களில் திரும்பியவர்கள் சிலர். அண்ணன் அவர்களில் இல்லை. சண்டை முடிந்த வாரமே கொடிமரம் யார் அடுப்பிலோ எரிந்தது. நான் எடுத்து வைத்திருந்த பிரதியைப் பிற்பாடு ஆற்று வெள்ளம் கொண்டுபோயிற்று. தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, செம்பனைதான்.

“அங்கிள்,” என்றார் கடைக்காரர். நான் திருகைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறேன். குமிழி நடுவைவிட்டு ஓரத்துக்குப் போயிருந்தது. அந்தச் சாய்வு என் கைக்கு இன்னும் தெரிந்திருந்தது.

“சாஞ்சிருச்சு. நேராக்கித் தரவா?”

“வேணாம்பா. கைய விட்டாலும் இப்பிடியே நிக்கும்னு சொன்னீங்கல்ல? இதயே கட்டிக் குடுங்க.”