அப்பா சொன்ன ஒரே பொய்

சுபேதார் கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு குதிகால்களையும் சேர்த்துக்கொண்டார். செருப்பில்லாத கால்கள், சத்தம் வரவில்லை. கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. பிறகு தலையைத் திருப்பி, மேடையின் ஓரத்தில் கையில் தாளோடு நின்ற என்னை ஒருமுறை பார்த்தார். அதன் பின்தான் பதில் சொன்னார். அந்தப் பதில் பொய். என் அப்பா சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அதைச் சொல்ல வைத்தவள் நான்.

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை ஆண்கள் பட்டாளத்துக்குப் போனவர்கள். முதல் உலகப் போரில் தாத்தா பாஸ்ரா துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். இரண்டாவது போரில் அப்பா பர்மா மலைகளில் கோவேறு கழுதை ஓட்டினார். துப்பாக்கி பிடித்த கை எங்கள் குடும்பத்தில் இல்லை. வீட்டில் அதை யாரும் குறையாக நினைத்ததும் இல்லை. யாராவது கேட்டால், “நம்ம ஆளுவ சொமந்தவங்க” என்று அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

சின்ன வயதில் எனக்கு அந்தக் கழுதைகளின் கதை மிகவும் பிடிக்கும். அப்பா பழக்கிய மூன்று கழுதைகளும் அரிசியும் குண்டுகளும் குடிதண்ணீரும் சுமந்து, ஒரு ஆள் நடக்கவே இடமில்லாத மலைச்சரிவில் ஏறும். அவை கத்தினால் எதிரிக்குக் கேட்டுவிடும் என்று ராணுவ மருத்துவர்கள் அவற்றின் குரல்நாணை அறுத்துவிடுவார்களாம். அறுக்கும்போது அப்பா கழுதையின் தலையைத் தன் மடியில் வைத்துக் கண்ணைப் பொத்திக்கொள்வாராம். காயம் ஆறிய பிறகு கழுதை பழக்கத்தில் வாயை அகலத் திறக்கும். சத்தம் வராது. ஏன் வரவில்லை என்பதுபோல் அது அப்பாவைத் திரும்பிப் பார்க்கும். இந்த இடம் வந்ததும் அப்பா கதையை நிறுத்திவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொள்வார்.

கருங்கல் சந்தைக்கு அப்பால் இருந்த எங்கள் ஊரிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் பெண் நான். எங்கள் குடும்பத்தில் எழுத்து கூட்டிப் படித்த முதல் ஆளும் நான்தான். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது. வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண் எப்போதும் எனக்கு. ஒருநாள் அப்பாவின் பட்டாளத்துக் கதையைத் தோழிகளிடம் ஆசையாகச் சொன்னேன். வக்கீல் வீட்டுப் பெண் ஒருத்தி கடைசிவரை கேட்டுவிட்டு, “ஏட்டி, அப்போ ஒனக்க அப்பா பட்டாளத்துல கழுதயா மேச்சாரு?” என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அப்பாவின் கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அவர் சொல்லத் தொடங்கினாலும் பாடம் இருக்கிறது என்று எழுந்துவிடுவேன்.

நான் ஐந்தாம் பாரம் படித்தபோது, குடியரசு தினத்துக்கு எங்கள் தலைமையாசிரியை ஒரு ஏற்பாடு செய்தார். சுற்று வட்டாரத்தில் போருக்குப் போய் வந்தவர்களை மேடையில் உட்கார வைத்து மாலை போடுவது; ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதி ஒரு மாணவி வாசிப்பது. வாசிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினோரு பேருக்கும் நான்தான் எழுதினேன். பத்துப் பேரைப் பற்றி அவர்கள் சொன்னதையே எழுதினேன். அப்பாவைப் பற்றி மட்டும், “பர்மா மலைகளில் துப்பாக்கி ஏந்திப் பகைவரைப் புறங்காட்டி ஓடச் செய்த வீரர்” என்று எழுதினேன். எழுதும்போது தப்பென்று தோன்றியதா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தோன்றவில்லை. ‘புறங்காட்டி’ என்ற சொல் கிடைத்த மகிழ்ச்சிதான் இருந்தது.

நாகர்கோவிலிலிருந்து தலைமை விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற சுபேதார், நான் வாசித்ததைக் கேட்டுப் பூரித்துப் போனார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பிரிவு என்று அப்பாவை ஆவலாகக் கேட்டார். மலை உச்சியில் மாதக் கணக்கில் முற்றுகையில் கிடந்த ஒரு காலாட்படைப் பிரிவின் பெயரை அப்பா சொன்னார். அந்தப் பிரிவிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர் அதே வரிசையில், அப்பாவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அப்பாவின் நெருங்கிய நண்பர் அவர். நாங்கள் ஹவில்தார் மாமா என்று கூப்பிடுவோம். மடியில் கிடந்த தன் மாலையை அவர் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கைதட்டல் மட்டும்தான் காதில் விழுந்தது.

வீட்டுக்கு நடந்து திரும்பும்போது அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பாதி வழி வந்ததும், “தமிழு நல்லா இருந்து, மக்கா” என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அவ்வளவு தடித்த தோல் அன்று எனக்கு.

கருங்கல் சந்தை நாட்களில் பட்டாளத்துக்காரர்கள் எல்லோரும் ஒரு டீக்கடை பெஞ்சில் கூடுவது வழக்கம். அப்பா ஒரு சந்தையும் தவறவிட்டதில்லை. அந்தக் குடியரசு தினத்துக்குப் பிறகு அவர் சந்தையிலிருந்து சீக்கிரம் வரத் தொடங்கினார். வெற்றிலையும் கருவாடும் வாங்கிக்கொண்டு நேராக வந்துவிடுவார். கால் வலியாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். நான் ஆறாம் பாரம் முடித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, உள்ளூர்ப் பள்ளியில் டீச்சரும் ஆகிவிட்டேன். கால் வலி என்றே நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

இந்த நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததைக் கொண்டாட எங்கள் பள்ளியில் விழா ஏற்பாடானது. அதிலும் பட்டாளத்துக்காரர்களுக்கு மரியாதை உண்டு. அவர்களே தங்களுக்குள் கூடிப் பெயர்ப் பட்டியல் கொடுத்தனுப்பினார்கள். வரவேற்புரை எழுத அது என்னிடம் வந்தது. பத்துப் பெயர் இருந்தது. அப்பா பெயர் இல்லை.

தவறிப் போயிருக்கும் என்று நினைத்து, சந்தை நாளன்று நானே டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் டீச்சர் என்று எழுந்து இடம் விட்டார்கள். “பொன்னாடைக்கு அளவெடுக்க வந்திருப்பா” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் பெயர் ஏன் இல்லை என்று நான் கேட்டதும் சிரிப்பு நின்றது. ஹவில்தார் மாமா கிளாஸைக் கீழே வைத்தார்.

“அவனாத்தான் எங்கள வேண்டாம்னு வச்சிட்டுப் போனான் பிள்ளே. நாங்களா போகச் சொன்னோம்?”

பிறகு அவர் சொன்னதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. அந்த மலையில் மூன்று நாள் சோறில்லாமல் கிடந்தவர்களுக்கு, குண்டு விழும் பாதையில் இரண்டு கழுதைகளைப் பறிகொடுத்து, மூன்றாவதன் முதுகில் அரிசி கொண்டுவந்து சேர்த்தது அப்பா. அதனால் இந்தப் பெஞ்சில் டீ வந்தால் முதல் கிளாஸ் அப்பாவுக்கு. எந்தச் சுபேதார் வந்து உட்கார்ந்தாலும் இரண்டாவதுதான். ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. இதை அப்பா ஒருநாளும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருப்பாரோ, நான் பாடம் இருக்கிறது என்று எழுந்துவிட்டேனோ, தெரியவில்லை.

“கழுதயோட வந்தேன்னு நாலு பேரு முன்னால சொல்ல அவனுக்கு வெக்கம்” என்றார் ஹவில்தார் மாமா. “அப்போ அவன் கொண்டு வந்த சோத்தத் தின்ன நாங்க யாரு?”

“அப்பாவுக்கு வெக்கம் இல்ல மாமா” என்றேன். “எனக்குத்தான். நான்தான் அப்பிடி எழுதினேன்.”

அப்போது நீ சின்னப் பிள்ளைதானே என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பட்டியலை வாங்கி, என் பேனாவால் எல்லாப் பெயருக்கும் மேலே அப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் செய்த வேலையையும் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

தவற்றைச் சரிசெய்துவிட்ட நிறைவோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா மரச்சீனிக் கிழங்குச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “நீதான் எழுதினேன்னு சொன்னியா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். அவ்வளவு கோபத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

“அத அவனுவ அறியப்பிடாதுன்னுதான் இத்தன வருசம் அந்தப் பக்கம் போகாம இருந்தேன். என்னப் பத்தி என்ன வேணும்னாலும் நெனைக்கட்டும். படிச்ச பிள்ளய ஒருத்தன் ஒரு சொல்லு சொல்லிரப்பிடாது.”

மறுபடி மண்ணை அணைக்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் யாராவது ஒருநாள் கேட்பார்கள். கேட்டால் இன்னொரு பொய் சொல்லவேண்டும், அல்லது என்னைக் காட்டிக்கொடுக்கவேண்டும். இரண்டும் முடியாமல் அவர் தன் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். நான் போய் மனசாட்சியின் பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று, அவர் அத்தனை வருடம் காத்ததை ஒரே பேச்சில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். இந்தத் தடவையும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் தடவையும் கேட்கவில்லை.

விழாவுக்கு அப்பா வரவில்லை. முதல் நாற்காலியில் யாரையும் உட்கார ஹவில்தார் மாமா விடவில்லை. நான் பட்டியலை வாசித்தேன். அப்பாவின் பெயரைச் சொல்லி, கோவேறு கழுதை ஓட்டியவர் என்று வாசித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினேன். முன்வரிசையில் என் வகுப்புப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.