அண்ணி வளர்த்த குச்சிப்பூச்சி

விறகு அடுக்கிய மூலையிலிருந்து சீறல் கேட்டபோது, பாம்பென்று எண்ணி நான் பின்வாங்கினேன். அண்ணி பின்வாங்கவில்லை, குனிந்து பார்த்தார். முதல்நாள் வெட்டிப்போட்ட கொய்யாக் கிளையில், இலையின் பசுமையோடு பசுமையாய், என் உள்ளங்கையினும் நீண்ட ஓர் உயிர் ஒட்டியிருந்தது. குச்சிப்பூச்சிகளை நான் முன்பே அறிவேன். காய்ந்த துரும்பொன்று எழுந்து நடப்பதுபோல் இருக்கும். இதுவோ பருத்து, உடலெங்கும் முள் நிறைந்து, பின்னங்கால்களை உயர்த்தி, பறத்தற்கு உதவாத குறுஞ்சிறகுகளை உரசிச் சீறிற்று.

ஜப்பானியர் ஆட்சியில் மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டு முற்றமும் மரவள்ளிக்கே உரியதாயிற்று. அதற்காகத்தான் என் தந்தையார் கொய்யா மரத்தை வெட்டினார். அண்ணனைச் சயாமில் இருப்புப்பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் எஞ்சியவர் தந்தையார், அண்ணி, அவருடைய ஐந்து வயது மகள், மணமாகாத நான் ஆகிய நால்வரே. அக்குழந்தைக்கு ஈளை நோய். இரைப்பு எழும்போது கழுத்தடியில் குழி விழும். விலா எலும்புகள் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவந்துவிடும்போல் தோன்றும். மருத்துவமனையில் மருந்தில்லை. பட்டுச்சேலையைக் கொடுத்தும் கள்ளச் சந்தையில் கிடைக்கவில்லை. அக்குழந்தை மூச்சுவிட வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லாமற்போயிற்று.

அண்ணி அவ்வூர்ச் செட்டி மரபினர்; அம்மரபினர் பல தலைமுறைக்கு முன்னரே மலாய்மொழியைத் தாய்மொழியாக்கிக்கொண்ட இந்துக்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பின்னரே தமிழ் பேசப் பழகினார். மருமகள் தமிழறியாமல் வந்ததில் தந்தையாருக்கு ஒரு மனக்குறை உண்டு.

பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி, ஞோஞ்ஞா என்று நாங்கள் அழைப்பவர், பூச்சியைக் கண்டதும் கைகொட்டிச் சிரித்தார். அது வீட்டில் வளர்க்கும் மருந்துப் பூச்சியாம். கொய்யா இலை தின்னக் கொடுத்து, எச்சத்தை உலர்த்தி, வெந்நீரிலிட்டுக் குடித்தால் இரைப்பு அடங்குமாம். "சீன வைத்தியன் கடைய மூடிட்டு ஓடிட்டான். இந்தப் பூச்சியம்மா மட்டும்தான் கடைய தொறந்து வச்சிருக்கா" என்று அவர் மலாயில் சொன்ன வேடிக்கைக்கு அண்ணியும் சிரித்தார். நெடுநாளைக்குப் பின் அன்றுதான் அவர் சிரித்ததைக் கண்டேன்.

தந்தையார் கொதித்துப்போனார். "பூச்சியோட பீயைக் கரைச்சுப் புள்ளைக்குக் குடுக்குறதா? சாமி கும்புடுற வீடு இது."

அண்ணி தலை நிமிராமல் சொன்னார்: "வேற மருந்து இருக்கா மாமா? இருந்தா குடுங்க. இத இப்பவே பூவாங் பண்ணிடுறேன்." அதாவது எறிந்துவிடுவாராம். தந்தையார் மரவள்ளிப் பாத்தியைக் கொத்தப் போய்விட்டார்.

வெளித்திண்ணையில் மூங்கிற்கூடையைக் கவிழ்த்து அதனுள் பூச்சியை வைத்தோம். எங்கள் மரம் போய்விட்டதால், இலைக்காக அண்ணி தெருத்தெருவாக அலைந்தார். ஜப்பானியக் காவலர் நிற்கும் சந்தியைக் கடக்கையில் இடுப்பு வளைய வணங்கி, வணங்கியபடியே வேலிக்கு வெளியே நீண்ட கிளையைப் பறிப்பார். தமக்குரிய மரவள்ளிக் கிழங்கில் பாதியைக் கொடுத்து இலை வாங்கிய நாளும் உண்டு. எச்சம் விதைபோல் உதிரும். வெயிலில் உலர்த்திப் புட்டியில் சேர்ப்பார். அக்கசப்பு நீரைக் குழந்தை முகஞ்சுளித்துக் குடிக்கும். சில நாள் நன்றாக உறங்கும், நாங்களும் நம்புவோம். வெள்ளிக்கிழமை வந்தால் இரைப்பு முன்னினும் கொடிதாய் எழும்.

வெள்ளிதோறும் தந்தையார் வீடெங்கும் புகை போடுவார். சாம்பிராணி கிடைக்காத காலத்தில் தேங்காய் நாரும் மரப்பிசினும் எரிந்தன. குழந்தையின் சளி இளகும் என்று, துணியால் போர்த்தி அப்புகைமேல் அதைப் பிடிப்பதும் எங்கள் குலவழக்கம். இரைப்பு மிகுந்தால் புகையையும் மிகுத்தோம். அதைவிட அன்புடைய செயலை நாங்கள் அறிந்திலோம்.

ஒரு வெள்ளி மாலை, மழைக்கு அஞ்சி அண்ணி கூடையை உள்ளே கொணர்ந்து குழந்தையின் பாயருகே வைத்தார். கதவுகளும் பலகணிகளும் அடைத்திருந்தன. தந்தையார் தூபக்காலைக் கீழே வைத்துக் குழந்தையைப் போர்த்தினார். கூடைக்குள் சீறல் எழுந்தது. கால்கள் மூங்கிலைப் பிறாண்டின. பின்பு ஏதோ விழும் ஓசை கேட்டது. அண்ணி கூடையைத் தூக்கினார். பூச்சி மல்லாந்து கிடந்தது. தின்று முடியாத இலை இன்னும் வாடவில்லை.

அவர் பூச்சியைப் பார்த்தார். போர்வைக்குள் துடிக்கும் மகளைப் பார்த்தார். எழுந்து வெறுங்காலால் தூபக்காலை வாசலுக்கு எற்றிவிட்டு, குழந்தையைப் பறித்துக்கொண்டு மழைச்சாரலுக்குள் ஓடினார்.

"என்ன காரியம் பண்ற? வெள்ளிக்கிழமையில" என்றார் தந்தையார்.

"இலை மாறல மாமா. கூடை மாறல. புகைதான் இன்னிக்குப் புதுசு அதுக்கு." "புள்ளைக்கு வாராவாரம் குடுத்தோமே."

நனைந்து நின்ற குழந்தையின் நெஞ்சு மெல்ல மெல்லத் தணிந்தது. நோய் முற்றும் நீங்கிற்று என்று சொல்லேன். ஆயினும் அதன்பின் வெள்ளிக்கிழமைகள் எங்களைக் கொல்லவில்லை. அக்குழந்தை இன்று பேரன் பேத்தி எடுத்தவள்.

சயாமிலிருந்து நோயாளியாய்த் திரும்பிய ஒருவர் அண்ணன் இறந்த செய்தியைச் சொன்னார். போகி வந்தது. அன்று முன்னோர்க்கு இலை விரித்துப் படைப்பதைச் செட்டிமார் பார்ச்சு என்பர். புகை எழுந்தால்தான் இறந்தவர் வழியறிந்து வருவர் என்றும், அது அடங்கினால் உண்டு முடித்தனர் என்றும் அண்ணியின் பிறந்த வீட்டார் கொள்வர். அவருடைய தாயார் எங்கிருந்தோ தேடிச் சிறிது சாம்பிராணி கொண்டுவந்திருந்தார். அண்ணி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தார்.

"புகை போடலன்னா மாப்பிள்ளை எப்படி வருவாரு?" என்று மலாயில் கேட்டார் தாயார்.

"அவருக்கு வீடு தெரியும்மா."

அதற்கு முதலில் தலையசைத்தவர் என் தந்தையார்.

இலையில் சோறில்லை, அவித்த மரவள்ளியும் சிறிது கருவாடும் இருந்தன. காத்திருந்தோம். புகையில்லாததால், அண்ணன் வந்தாரா, உண்டாரா என்று அறிய வழியில்லை. பொழுது சாய்ந்தது. இலையை எடுக்க அண்ணிக்குக் கை வரவில்லை. பசித்த குழந்தை கிழங்கையும் தாயையும் மாறிமாறிப் பார்த்தது.

"அப்பா சாப்பிட்டாச்சாம்மா?"

அண்ணி வாசலைப் பார்த்தார். பின்பு இலையைக் குழந்தையின் முன் நகர்த்தினார்.

"ஆச்சு. நீ சாப்பிடு."