அறிவுமதியின் இடது கன்னம்

என் தங்கை ஆதிலட்சுமிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மணிமொழி போளூரில் வாழ்க்கைப்பட்டாள். இளையவள் அறிவுமதி. அவளைக் கட்டிக்கொண்ட அன்பரசன் அன்னியமில்லை, என் நாத்தனார் மருமகனுக்குக் கூடப்பிறந்த தம்பி. அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைக்கு வீடு வருவான். அறிவுமதி அம்மாவோடு வேங்கிக்காலில் புதுவீட்டில் இருக்கிறாள். வீட்டிலேயே கணினியை வைத்துக்கொண்டு ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரிச் செலவு கேட்டு ஜனங்கள் அனுப்புகிற காகிதங்களைப் பார்த்துப் பதிவு செய்கிற வேலை.

அந்த வேலை வாங்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். படித்துவிட்டு மூன்று கடைகளில் பில் போட்டாள். கால் வீங்க நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. அன்றைக்கு எனக்குப் போன் பண்ணி, "பெரியம்மா, இனிமே குந்திக்கினே சம்பாதிப்பேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

போன ஆடியில் ஒரு நாள் காலை பல் தேய்த்துக் கொப்புளித்திருக்கிறாள். தண்ணீர் இடது பக்கமாக வழிந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. இடது கண் மூடவில்லை. ஆதிலட்சுமி போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி காத்து அடித்துவிட்டது என்றாள். இன்னொருத்தி வேப்பிலை கொண்டுவந்தாள். நல்லவேளை, அன்றைக்கே டாக்டரிடம் காட்டினார்கள். முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுங்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும், நாள் பிடிக்கும் என்றார் அவர்.

அந்த 'பெரும்பாலும்' என்ற சொல் அறிவுமதியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திவிட்டது.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் அப்பாவுக்குச் சித்தப்பா பலராமன். அவர் பெண்சாதிக்கும் இப்படித்தான் முகம் இழுத்தது, அப்படியே நின்றுவிட்டது. அவள் பெயர் ஜோதியம்மாள். அது இன்றைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவள் கோணவாய்க்காரி. செத்து நாற்பது வருஷம் ஆன பிறகும் அவள் பேரன் டிராக்டர் வாங்கினால், "கோணவாய்க்காரி பேரன் டிராக்டர் எடுத்துட்டான்" என்றுதான் பேசுகிறார்கள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அறிவுமதி.

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு உட்கார்ந்தாள். அவள் கணினி முகத்தைப் பார்த்துத் திறக்கிற கணினி. நம்பரைப் போட்டாலும் கணினி திறக்கும், ஆனால் கம்பெனி வேலை திறக்காது. முன்பு யாரோ ஒருத்தி தன் ஓரகத்தியை உட்கார வைத்து வேலை வாங்கினாளாம். அதிலிருந்து முகம் காட்டினால்தான் வேலை என்று வைத்துவிட்டார்கள்.

நான் பக்கத்தில் இருந்தேன். திரையில் ஏதோ எழுத்து ஓடியது.

"என்னாடி போட்டிருக்குது?"

"உங்களைத் தேடறேன்னு போட்டிருக்குது பெரியம்மா."

"எதிர்லதானே குந்திக்கினு இருக்கிற, எங்க போய்த் தேடுது கபோதி?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பத் திரும்ப முகத்தைக் காட்டினாள். திறக்கவில்லை. மேலதிகாரி பூஜா என்கிற பெண் போன் பண்ணினாள். "இன்னும் ரெண்டு நாள் பாக்கறேங்க அறிவு. அதுக்கு மேல உங்க சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க, என் கையில இல்ல" என்றாள். காமிராவைப் போடு, என்ன கோளாறு என்று பார்க்கலாம் என்றாள். இவள் நெட் கம்மியாக இருக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டாள்.

நான்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரகாஷிடம் போனேன். எங்கள் ஊர் அடி அண்ணாமலைப் பையன்தான்.

"மூஞ்சி மாறிடுச்சா? தாடி எடுத்துட்டாரா?" என்றான்.

"பொம்பளைக்கு ஏதுடா தாடி! உடம்பு சரியில்ல, முகம் கொஞ்சம் வாடியிருக்குது."

"அதுக்குன்னே செட்டிங்க்ஸுல ஒண்ணு இருக்குதும்மா. இம்ப்ரூவ் ரெகக்னிஷன்னு போட்டிருக்கும். அதை அமுக்கிட்டு இப்ப இருக்கிற மூஞ்சியைக் காட்டச் சொல்லுங்க. அதையும் சேத்துக் கத்துக்கும்."

வந்து சொன்னேன். அறிவுமதி பிடிவாதமாக மாட்டேன் என்றாள்.

"இதுதான் என் மூஞ்சினு நானே எழுதிக் குடுக்கணுமா? குடுத்துட்டா அப்படியே நின்னுடும் பெரியம்மா."

"மிஷின் கிட்ட காட்டினா எப்படிடி நிக்கும்?"

"எனக்குத் தெரியாது. குடுக்க மாட்டேன்."

ஆதிலட்சுமி ஒரு யோசனை சொன்னாள். தொங்குகிற கன்னத்தைக் கையால் தூக்கிப் பிடித்தால் பழைய முகம் வந்துவிடுமே என்றாள். அவளுக்குக் கை நடுங்கும், அதனால் நான் பிடித்தேன். பின்பக்கமாக நின்று, உள்ளங்கையைக் காதோரம் வைத்து, வாய்க்கோடியை மேலே இழுத்தேன். பார்வைக்குப் பழைய அறிவுமதி மாதிரிதான் இருந்தாள். கணினி ஒப்புக்கொள்ளவில்லை. அப்போதுதான் அவள், "கையை எடுக்காதே பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, பிரகாஷ் சொன்னதை அமுக்கினாள். கன்னத்தில் என் கை இருக்க, முகத்தை அப்படி இப்படித் திருப்பிக் காட்டினாள். வேலை திறந்துவிட்டது. ஆதிலட்சுமி கற்பூரம் ஏற்றினாள்.

மறுநாள் காலை போன். "பெரியம்மா, திறக்கல."

அவள் மட்டும் உட்கார்ந்தால் திறக்கவில்லை. நான் ஓடிப்போய்க் கையை வைத்தேன், திறந்தது. கையை எடுத்துவிட்டு மறுபடி பூட்டிப் பார்த்தோம், திறக்கவில்லை. பிரகாஷுக்குப் போன் போட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "உங்க கையையும் அவங்க மூஞ்சினு நினைச்சிக்கிச்சு. இனிமே நீங்களும் கம்பெனி ஆளுதான், சம்பளத்துல பாதி கேளுங்க."

அவனுக்குச் சிரிப்பு, எங்களுக்கு உயிர் போகிற வேலை. தினமும் எட்டு மணிக்குள் நான் ஷேர் ஆட்டோ பிடித்து வேங்கிக்கால் போகவேண்டும். அதே வளையல், அதே கை, அதே இடம். ஒரு நாள் மருதாணி வைத்துக்கொண்டு போய்விட்டேன். எங்கே ஒப்புக்கொள்ளாதோ என்று மூன்று பேருக்கும் வேர்த்துவிட்டது. வேலை திறந்ததும் நான் அடி அண்ணாமலைக்குத் திரும்பிவிடுவேன். அறிவுமதி வாசலுக்குக்கூட வருவதில்லை. வாரக் கடைசியில் அன்பரசன் வந்தால் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சோறு போடுகிறாள் என்று ஆதிலட்சுமி அழுதாள்.

இப்படியே ஆவணிப் பௌர்ணமி வந்தது. பௌர்ணமி என்றால் எங்கள் ஊர் வழியாகத்தான் கிரிவலக் கூட்டம் போகும். என் மகன் தசரதன் வீட்டு வாசலில் சுக்குக் காபிக் கடை போடுவான், நானும் நிற்பேன். காலையில் போலீஸ்காரர்கள் ஆட்டோவை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இந்தத் தடவை சேர்ந்தாற்போல் விடுமுறை, கூட்டம் ஜாஸ்தி. அறிவுமதியின் கம்பெனிக்குத்தான் விடுமுறை கிடையாது. விடிந்தும் ஒரு வண்டியையும் விடவில்லை. நடந்தே கிளம்பினேன். குபேர லிங்கத்துக்கு முன்னால் ஜனம் அடைத்துக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. போன் அடித்தது.

"எங்க பெரியம்மா இருக்கிற?"

"குபேர லிங்கத்துக்கிட்ட மாட்டிக்கினேன்டி. நசுக்கறாங்க."

"எட்டு ஆவப் போவுது."

"அம்மாவை வெச்சுக்கச் சொல்லேன்."

"வெச்சாங்க. கை ஆடுது. என் கையையே வெச்சுப் பாத்தேன். ஒத்துக்கல."

சுற்றிலும் அரோகரா சத்தம். முந்தின நாள்தான் பூஜா, இனி ஒரு நாள் தாமதமானாலும் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று எச்சரித்திருந்தாள்.

"இரு, எப்படியாவது வந்துடறேன்" என்றேன்.

"வேணாம். நீ விழுந்து கிழுந்து வெக்காதே. போனை வை பெரியம்மா."

வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அடித்தால் எடுக்கவில்லை. என்ன செய்துகொண்டாளோ, கணினியைப் போட்டு உடைத்தாளோ என்று என்னென்னவோ ஓடியது. யார் யார் காலையோ மிதித்துத் திட்டு வாங்கிக்கொண்டு வேங்கிக்கால் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது.

ஆதிலட்சுமி உதட்டில் விரலை வைத்துப் பேசாதே என்றாள். உள்ளே அறிவுமதி காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். கன்னத்தில் கையில்லை, முகத்தில் துணியில்லை.

மத்தியானம் சோற்றுக்கு எழுந்தபோதுதான் சொன்னாள். "கையை எடுத்துட்டு, பிரகாஷ் சொன்னதை அமுக்கினேன். நேராப் பாருன்னுது, பாத்தேன். திரும்புன்னுது, திரும்பினேன். முடிஞ்சுதுன்னுச்சு. ஒரு வார்த்தை கேக்கல பெரியம்மா." சொல்லிவிட்டு அழுதாள். அழும்போது இடது கண்ணில்தான் முதலில் தண்ணீர் வந்தது.

என் பயம் போகவில்லை. எழுதிக் கொடுத்தாகிவிட்டதே, நின்றுவிடுமோ என்று நானே இப்போது மருள ஆரம்பித்தேன். வெளியே சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்து சில நாள் போயிருக்கும். காலையில் ஆதிலட்சுமி போன் பண்ணினாள். கணினி மறுபடி திறக்கவில்லை, அறிவுமதி தலையில் அடித்துக்கொள்கிறாள் என்றாள். பின்னால் அறிவுமதியின் குரல் கேட்டது. "அதான் குடுத்தேனே, இன்னும் என்ன வேணுமாம்!"

"ஏய், இரு இரு" என்றாள் ஆதிலட்சுமி. என்னிடம் இல்லை, மகளிடம். "இப்படித் திரும்பு. அடியே, உன் வாய்க்கோடி ஏறியிருக்குதுடி."

"சும்மா சொல்லாதம்மா."

"நான் எதுக்குடி சொல்றேன்! மிஷினே சொல்லுதே, நேத்து மூஞ்சி இல்லைனு."

அறிவுமதி கண்ணாடி பார்க்கப் போகவில்லையாம். நம்பி ஏமாற இஷ்டமில்லை. அந்த முகத்தையும் காட்டிச் சேர்த்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள்.

இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. சிரித்தால் ஒரு பக்கம் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. சரியாகுமா என்று டாக்டரைக் கேட்டால் பொறுங்கள் என்கிறார். அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாளே நான் வேங்கிக்கால் போய்ப் படுத்துக்கொண்டேன், எதற்கும் கை பக்கத்தில் இருக்கட்டும் என்று. கண் விழித்தபோது மணி எட்டரை. உள்ளறையில் கணினியில் விசை தட்டுகிற சத்தம் கேட்டது. என்னை அவள் எழுப்பவேயில்லை.