கைக்குள் ஒரு மறியல்

எங்கள் லா பாஸ் நகரில், குழம்பு அடைத்துச் சுட்ட சால்தேனாவைத் தின்னும்போது சட்டையில் குழம்பு சிந்தினால் தின்றவனைத்தான் கேலி செய்வோம். கடிப்பதற்கு முன்பே ஒழுகினால் அது செய்தவள் குற்றம். அப்படி ஒழுகியது எங்கள் சந்தையின் கெட்டிக்காரி பாசிலியாவின் சால்தேனா என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்துக் கடையில் ஊதாச் சோளக் கூழ் காய்ச்சி விற்பவள் நான். இறைச்சியும் குழம்பும் உள்ளே வைத்து, மாவின் விளிம்பைச் சடை பின்னுவது போல் அவள் மடிப்பதைத் தினமும் பார்த்தவள். அப்படி மடிக்கும் வலது கட்டைவிரல்தான் வலுவிழந்திருந்தது. முன்கைத் தசை வேறு தானாகத் துடித்தது.

பாசிலியா லேசுப்பட்டவள் அல்ல. சந்தையை இடிக்க வந்தபோது நடுச்சாலைக்கு முதல் கல்லை உருட்டியவள் அவள்தான். மறியலைக் கலைக்க வந்த போலீஸ்காரனிடம் சால்தேனாவை நீட்டி, "தின்னுட்டு வந்த வழியே போ தம்பி" என்றாள். அவனும் போனான்.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒரு டாக்டர், இது இயக்க நரம்பணு நோயாக இருக்கலாம் என்றார். தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துவிடுமாம். முதலில் கை, பிறகு கால், கடைசியில் மூச்சு. குணமாக்க மருந்து இல்லை. உறுதிசெய்ய நரம்புக்கு மின்சோதனை எடுக்கச் சொன்னார்.

சோதனைக்கு முன்பே அலசீத்தாஸ் திருவிழா வந்துவிட்டது. அன்று நண்பகலில் எதன் பொம்மையை வாங்கிப் புகை காட்டுகிறோமோ, அது வருடத்துக்குள் நிஜமாக வந்து சேரும். இதில் நாங்கள் யாரும் விளையாடுவதில்லை. பாசிலியாவின் நாத்தனார் ரெமேதியோஸ் நல்ல மனசுக்காரி, புத்திதான் கொஞ்சம் மட்டு. பொம்மைச் சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி, புகையும் காட்டிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நிஜ நாற்காலி அலையாம கிடைக்கட்டும்னுதான் அண்ணி..."

"அடிப் பாவி! நான் இன்னும் நடந்துக்கிட்டுதானே இருக்கேன்! உனக்கு வீடு, காருன்னு வாங்கிக்கிட்டு எனக்கு மட்டும் நாற்காலியா?" என்று கத்தியவள், சட்டென்று உடைந்துபோனாள். "புகையும் காட்டிட்டியேடி. இனி அது பலிக்காம போகுமா?"

அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். புகை காட்டியதைத் தூக்கி எறியவும் கூடாது. பொம்மையைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டுதான் சோதனைக்கு வந்தாள். துணைக்கு நான் போனேன்.

டாக்டர் அரான்சிபியா என்ற அம்மாள், குளிரில் விறைத்த கையை முதலில் வெந்நீர்ப் பையால் சூடாக்கினார். பிறகு மணிக்கட்டு நரம்பில் சுரீரென்று மின்சாரம். கட்டைவிரல் நன்றாகத் துள்ளியது. முழங்கைக்கு மேலே அதே நரம்பில் வைத்தார். விரல் லேசாக அசைந்து அடங்கியது. மறுபடி வைத்தார், அதேதான். அந்த அம்மாளோ மற்றக் கை, கால், தொடு உணர்ச்சி எல்லாம் சோதித்து முடித்துத்தான் வாயைத் திறந்தார்.

"நரம்பு செத்திருந்தா மணிக்கட்டுல விரல் இப்படித் துள்ளாதும்மா. பாதை அப்படியே இருக்கு. நடுவுல ஒரு இடத்துல அடைச்சிருக்கு. மேலேருந்து வர்ற கட்டளை கீழ போய்ச் சேரலை."

"மறியலா?"

"மறியலேதான். கிருமியை விரட்டற உங்க உடம்போட காவல்படையே நரம்பை மறிச்சிருக்கு. பாக்கறதுக்கு அந்த நோய் மாதிரியே இருக்கும், ஆனா அது இல்லை. இதுக்கு மருந்து இருக்கு."

"எனக்கே மறியலா!" என்று பாசிலியா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மருந்து ஏற்றும் நாளில் நடக்க விடமாட்டோம், அதுதான் ஆஸ்பத்திரி வழக்கம் என்று தாதி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாசிலியா அதைப் பார்த்தாள். பையில் இருந்த பொம்மையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ராணி மாதிரி ஏறி உட்கார்ந்து, தாழ்வாரம் முழுக்கக் கையசைத்துக்கொண்டே போனாள். வார்டு வாசலில் எழுந்து நின்றாள்.

"பலிச்சாச்சு! வந்த நாற்காலி இதோட சரி. நாத்தனார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்!" என்று கத்திவிட்டுத் தன் காலில் கட்டிலுக்கு நடந்தாள்.

மருந்தை அவ்வப்போது ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் கைக்கு வலு மெல்ல மெல்லத் திரும்பியது. ஒரு காலையில் ரெமேதியோஸைக் கூப்பிட்டு, சுடச்சுட ஒரு சால்தேனாவைக் கொடுத்தாள்.

"தலைகீழாப் பிடிடி."

ரெமேதியோஸ் பயந்துகொண்டே கவிழ்த்தாள். சந்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு சொட்டும் விழவில்லை.